ஒரு கார்டில் இரண்டு பேச்சிமுத்து

1. மச்சம்

பேட்டைத் தொழிற்பேட்டையை ஒட்டி இருந்த தொழிலாளர் காப்பீட்டு டிஸ்பென்சரியில் பதிவுக் கிளார்க்காக நான் சேர்ந்த முதல் நாள். கவுண்டருக்கு முன்னால் வந்து நின்ற முதல் ஆள், ஒரு வார்த்தையும் பேசாமல் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

நான் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடி வளர்ந்தவள். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தே விட்டேன். மருந்து கொடுக்கிற ஜன்னலில் இருந்து கம்பவுண்டர் ஆறுமுகம் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"பயப்படாத ஜெயமணி. அவன் மச்சத்தைக் காட்டுதான். கார்டுல அங்க அடையாளம்னு ஒரு இடம் இருக்குல்லா, அதைப் பழைய கிளார்க்கு தெனமும் பாத்துட்டுத்தான் சீட்டு எழுதுவாரு. பயலுவளுக்குப் பழகிப்போச்சு."

கார்டைப் பார்த்தேன். 'வலது முழங்காலில் கறுப்பு மச்சம்' என்று இருந்தது. முழங்காலையும் பார்த்தேன். அதுவும் அப்படியே இருந்தது.

"சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. வேட்டிய இறக்குங்க" என்றேன். அவர் ஏதோ பரீட்சையில் பாஸானவர் போல நிமிர்ந்து, சீட்டை வாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார். அன்று சாயங்காலமே ஒரு முடிவு எடுத்தேன். கார்டில் இன்னும் எத்தனையோ விவரம் இருக்கிறது. இனிமேல் என் கவுண்டரில் யாரும் முழங்காலைக் காட்ட வேண்டாம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இப்போது கம்ப்யூட்டரைத் தட்டினால் எல்லாம் வந்துவிடுகிறது. தொண்ணூறுகளில் அப்படி இல்லை. லேத் பட்டறை, எண்ணெய் மில், பீரோ செய்கிற கம்பெனி என்று பேட்டை வட்டாரத்தில் ஆள் வைத்து வேலை வாங்குகிற இடமெல்லாம் எங்கள் கணக்கில் வரும். தொழிலாளி சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், முதலாளியும் தன் பங்கைக் கட்டுவார். அதற்குப் பதிலாக அந்தத் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் அரசாங்க வைத்தியம். இதற்கெல்லாம் அத்தாட்சி ஒரு மடிப்புக் கார்டு. முன்பக்கம் தொழிலாளியின் பெயர், காப்பீட்டு எண், வேலையில் சேர்ந்த தேதி, எந்த டிஸ்பென்சரி, அங்க அடையாளம். உள்ளே குடும்பப் போட்டோ. போட்டோவுக்குக் கீழே கட்டம் போட்டு, குடும்பத்தில் உள்ளவர்களுக்கு ஆளுக்கு ஒரு வரி. பெயர், உறவு, வயது, கூட வசிக்கிறாரா இல்லையா, இல்லையென்றால் எந்த ஊர்.

இவ்வளவுதான் விஷயம். ஆனால் கார்டை வைத்திருப்பவரும் படிப்பதில்லை, வாங்கிப் பார்ப்பவரும் படிப்பதில்லை. போட்டோவில் மூஞ்சி தெரிகிறதா, போதும்.

2. கிழிக்கக்கூடாத நம்பர்

ஒரு தடவை லேத் வேலை செய்கிற ஒருவர் கார்டே இல்லாமல் வந்து நின்றார். கேட்டால், கிழித்துப் போட்டுவிட்டாராம்.

"அந்தக் கம்பெனியே வேண்டாம்னு கணக்கு முடிச்சிட்டு வந்துட்டேன். அவன் குடுத்த நம்பரு மட்டும் எனக்கு எதுக்குங்கேன்."

"நம்பர் கம்பெனியோடது இல்ல அண்ணாச்சி. உங்களோடது. எத்தனை கம்பெனி மாறினாலும் இதே நம்பர்தான் கூட வரும்."

"அப்ப பொஞ்சாதி மாதிரின்னு சொல்லுதீய."

"அப்படியே வச்சிக்கிடுங்க. கார்டு கிழிஞ்சா டூப்ளிகேட் தருவோம். அவுகளுக்கு அது கிடையாது."

பின்னால் நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுத்தான் போனார். எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம். டாக்டர் அம்மா பலதடவை கண்டித்திருக்கிறார். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அப்படிச் சொன்னது எதையும் கவுண்டருக்கு வந்தவர்கள் மறந்ததில்லை.

இன்னொருவர் காலையில் டிஸ்பென்சரி திறக்கும்போதே வந்து நின்றார். முகம் உர்ரென்று இருந்தது. கார்டை நீட்டி, மனைவியின் வரியைத் தொட்டுக் காட்டினார்.

"கூட வசிக்காளான்னு இதுல 'ஆம்'னு கெடக்கு. அதை அடிச்சிட்டு 'இல்லை'ன்னு போடுங்க. நேத்து அவ ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா."

"எதுக்குப் போனாவ?"

"அதை எதுக்குக் கேக்கிய. போயிட்டா, அவ்வளவுதான்."

"ஒரு வாரம் பொறுங்க, பாத்துட்டுப் போடுவோம்" என்று திருப்பி அனுப்பினேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை. இரண்டு பேரும் இருமுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சேர்ந்து வந்தார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆறுமுகம் அண்ணாச்சிதான் இருமல் மருந்தை ஊற்றிக்கொண்டே, "இப்ப அந்த எடத்துல என்ன போடணும் வே?" என்று கேட்டார். அந்த ஆள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற காரியம். சிரிக்க முடியாத ஒன்றும் வந்தது.

3. சொல்லப்பிடாத பேரு

அது ஆடி மாதம். எங்கள் பக்கத்து ஆடிக் காற்றைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டாம். சீட்டுக் கட்டின் மேல் கருங்கல்லை வைத்துக்கொண்டுதான் எழுத முடியும். அந்தக் காற்றில் சேலைத் தலைப்பால் பிள்ளையை மூடிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பெயர் முத்துலட்சுமி, இருபத்தைந்து வயது இருக்கும். புருஷன் மாரியப்பன் மில் மெஷின் செய்கிற பட்டறையில் ஃபிட்டர். இடுப்பில் இருந்த பையனுக்கு நாலு வயது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தான்.

"பிள்ள பேரு என்ன?"

"துரை."

கார்டைப் பிரித்தேன். துரை என்று யாரும் இல்லை.

"துரைன்னு இதுல ஒருத்தரும் இல்லையேம்மா."

"அது வீட்டுல கூப்பிடுத பேருக்கா. கார்டுல வேற பேரு இருக்கும்."

"அது என்ன பேரு?"

தலையைக் குனிந்துகொண்டாள். "அதுலயே இருக்கு. நீங்களே பாருங்க."

"நான் பாக்கது இருக்கட்டும். நீ சொல்லு."

"நான் சொல்லப்பிடாதுக்கா."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். இந்த இரண்டு வழக்கமும் ஒரே பிள்ளையிடம் வந்து சேரும்போது, பெற்றவள் தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் போகிறது. ஊர் முழுக்க இத்தனை துரையும் ராஜாவும் ஐயாவும் திரிவது அதனால்தான்.

"எந்த வரின்னாவது காட்டு" என்றேன். விரலை வைத்தாள். பேச்சிமுத்து என்று இருந்தது. சரி என்று சீட்டில் எழுதப் போனவள், பழக்கத்தில் அந்த வரியைக் கடைசிவரை படித்தேன். பேச்சிமுத்து. உறவு, தந்தை. வயது, அறுபத்தொன்று. கூட வசிக்கிறாரா, இல்லை. ஊர், உடன்குடி.

"ஏம்மா, இது உன் மாமனாருல்லா."

"ஆமாக்கா. அவுக பேருதான் இவனுக்கும்."

"பேரு அதேதான். வரி அவருக்கு உள்ளது. இவனுக்கு உள்ள வரி எங்க?"

முத்துலட்சுமி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஒரே பேரை எதுக்குக்கா ரெண்டு தடவ எழுதணும்?"

போட்டோவைப் பார்த்தேன். மாரியப்பன், பக்கத்தில் முத்துலட்சுமி, அவள் மடியில் மொட்டைத் தலையோடு ஒரு கைக்குழந்தை. கீழே கட்டத்தைப் பார்த்தேன். முத்துலட்சுமிக்கு ஒரு வரி, உடன்குடித் தாத்தாவுக்கு ஒரு வரி. முடிந்தது. போட்டோவில் இருக்கும் பிள்ளைக்கு வரி இல்லை. வரியில் இருக்கும் தாத்தா போட்டோவில் இல்லை. கார்டு வந்து மூன்று வருஷம் இருக்கும், இதை ஒருவரும் கவனிக்கவில்லை. பையனுக்கு அதுவரை ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை என்றாள். வந்தாலும் கஷாயத்தில் போய்விடுமாம்.

ஆறுமுகம் அண்ணாச்சி கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கம்பெனிக்காரன் ரெண்டு வரியும் சரியா எழுதித்தான் அனுப்பியிருப்பான். டைப் அடிக்கவன் எந்த ஊர்க்காரனோ. ஒரே பேரு ரெண்டு தடவ வந்துட்டுன்னு நெனச்சி ஒண்ணை விட்டுட்டான்."

நான் கார்டை எடுத்துக்கொண்டு பையனை நேரே டாக்டர் அம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் கார்டைத் தொடவே இல்லை. முதலில் பிள்ளையைப் படுக்கவைத்து அடிவயிற்றை மெல்ல அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் அவன் முனகல் நின்றது. குடலிறக்கம் என்றார்.

"இப்ப உள்ள தள்ளிட்டேன், அதான் வலி நின்னுட்டு. திரும்ப இறங்கிச் சிக்கிக்கிட்டா பெரிய ஆபத்து. ரொம்ப நாள் வைக்கக்கூடாது. ஆபரேஷன் பண்ணிரணும்."

வெளியூரில் இருந்த எங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் குழந்தைகள் சர்ஜன் ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் டாக்டர் அம்மா அவர் ஒருவரைத்தான் நம்புவார். அடுத்த முறை அவர் வருவதற்கு ஒரு வாரம் இருந்தது. ஆனால் அங்கே அட்மிஷனில் முதல் காரியமாகக் கார்டைத்தான் கேட்பார்கள். பையனுக்கு வரி இல்லையென்றால் சேர்க்கமாட்டார்கள். அடுத்த மாதம் வா என்பார்கள்.

"லெட்டர் நான் தாரேன். கார்டை நீ பாரு ஜெயமணி" என்றார் டாக்டர் அம்மா.

பாரு என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். பையன் என் மேஜை மேல் இருந்த கருங்கல்லை எடுத்து உருட்டி விளையாட ஆரம்பித்திருந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம்தான் வந்தது.

4. கோயம்புத்தூர் மேனேஜர்

அன்று மத்தியானமே அரை நாள் லீவு சொல்லிவிட்டு, முத்துலட்சுமியையும் பையனையும் கூட்டிக்கொண்டு டவுண் பஸ் ஏறினேன். கார்டில் ஆளைச் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் டவுணில் இருந்த எங்கள் கிளை ஆபீஸ் வேலை. அங்கே மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். ஆனால் எதையும் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கார்டை முன்னும் பின்னும் திருப்பினார்.

"ஒரே ஊட்டுல ரெண்டு பேருக்கு ஒரே பேருங்களா? எங்கூர்ல இப்படிச் சொன்னா நம்பமாட்டாங்க."

"இங்கன ஒவ்வொரு தெருவுலயும் பத்து வீடு இப்படித்தான் சார் இருக்கும்."

"இருக்கும் டீச்சர். இல்லீன்னு சொல்லலீங்க." என்னை ஏனோ அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். "ஆனா போன மாசம் ஒருத்தரு, மச்சான் பையனைத் தன் பையன்னு கூட்டிட்டு வந்தாரு. இங்க வெளியில நின்னே பேரு, வயசு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்காங்க. எனக்கு எப்படித் தெரியுங்க?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்படி ஆள் சேர்ப்பது அப்போது நடந்துகொண்டுதான் இருந்தது. பையனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார். அதில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவார்கள், பிறகு யார் போய்ச் சேர்ப்பார்கள்? சொட்டு மருந்து அட்டையைக் காட்டினோம். அதில் 'முத்துலட்சுமி குழந்தை' என்று இருந்தது. கம்பெனி அனுப்பிய பழைய படிவம் தலைமை ஆபீஸில் கிடந்தது, வரவழைக்க ஒரு மாதமாவது ஆகும். தகப்பன் வந்தால் போதும் என்றார். பட்டறை முதலாளி மாரியப்பனைக் கேரளாவுக்கு மில் மெஷின் மாட்ட அனுப்பியிருந்தார். சர்ஜன் வந்து போன பிறகுதான் அவர் திரும்புவார். போனில் பிடிக்கவும் வழியில்லை.

மேனேஜர் கார்டை மடித்து என்னிடம் நீட்டினார்.

"ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு பேரு இருக்காங்கன்னா ரெண்டு பேரையும் ஒண்ணா என் முன்னால கூட்டிட்டு வாங்க. தகப்பன் இல்லீன்னா தாய், குடும்பத்துல இருக்கறவங்க பேரை வாயால சொல்லோணும். வேற யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது. சொன்னாங்கன்னா, அன்னைக்கே எழுதி சீல் போட்டுத் தர்றனுங்க."

எனக்கு உயிர் வந்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து பார்த்தால், முத்துலட்சுமி முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னாலதான் அது முடியாதேக்கா" என்றாள்.

"துரைன்னே சேத்திருவோம். அதைத் தாராளமாச் சொல்லலாம்லா?"

சட்டென்று என் கையைப் பிடித்தாள். "வேண்டாங்க்கா. பேரு வச்ச அன்னைக்கி மாமா இவனை மடியில வச்சிக்கிட்டு அழுதுட்டாவ. இப்பம் எழுத்துலயே அந்தப் பேரை எடுத்துட்டோம்னு தெரிஞ்சா அவுக மனசு என்ன பாடுபடும்?"

எப்படியும், பெயரை மாற்றினால் கம்பெனி எழுதி அனுப்பியதும் இதுவும் ஒத்துப்போகாது. அதற்கு வேறு சர்டிபிகேட், வேறு கையெழுத்து என்று மாதக் கணக்கில் இழுக்கும். உடன்குடிக்குத் தகவல் சொல்லி விடு, மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று அவளை பஸ் ஏற்றிவிட்டேன்.

5. ரெண்டு பேரும் உண்டு

இரண்டு நாள் கழித்துத் தாத்தா உடன்குடியில் இருந்து வந்து சேர்ந்தார். பனையேறிக் காய்த்துப்போன முன்கைகள், சலவை மடிப்புக் கலையாத வேட்டி, கையில் ஓலைக் கொட்டானில் கருப்பட்டி. பேரனைப் பார்த்ததும் "ஏலே பேச்சிமுத்து" என்று ஆசையாக ஒரு குரல் கொடுத்தார். பையன் அம்மா இடுப்பில் இருந்து நழுவி அவரிடம் ஓடினான். அவனை அந்தப் பெயரில் கூப்பிடுகிற ஆள் வீட்டில் அவர் மட்டும்தானாம். மாரியப்பனும் வாய் தவறிக்கூடக் கூப்பிடமாட்டார், அப்பா பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்டுவது எப்படி என்பாராம்.

மேனேஜர் அறையில் எங்களை உட்காரச் சொன்னார். தாத்தாவும் பேரனும் சுவர் ஓரத்து பெஞ்சில். முத்துலட்சுமி மேஜைக்கு முன்னால் நின்றாள். தாத்தா முதல் வேலையாகக் கொட்டானை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஆபீசுல எதுவும் வாங்கக் கூடாதுங்க பெரியவரே."

"வாங்காண்டாம். கடிச்சிப் பாத்துட்டுத் திருப்பித் தந்திருங்க."

மேனேஜர் சிரித்துக்கொண்டே கொட்டானை அவரிடமே நகர்த்திவிட்டு, பேனாவைத் திறந்தார். முத்துலட்சுமியின் பெயர், வயது கேட்டார், சொன்னாள். புருஷன் பெயரைக் கார்டைப் பார்த்து அவரே எழுதிக்கொண்டார். மாமனார் பெயரும் கார்டில் இருக்கிறது என்று அதையும் எழுதிக்கொண்டார். அதுவரை எல்லாம் நல்லபடியாகப் போனது.

"பையன் பேரு சொல்லுங்க."

"துரை."

"அது கூப்பிடற பேருங்க. கார்டுல சேர்க்கற பேரு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். மேனேஜர் என்னைப் பார்த்துப் பேனாவை லேசாக உயர்த்தினார். மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்த நேரங்களில் அதுதான் கஷ்டமான நேரம்.

"சொல்லக் கூச்சமா இருந்தா எழுதிக் காட்டுங்க" என்று அவரே ஒரு வழி சொன்னார். முத்துலட்சுமி ஐந்தாவது வரை படித்தவள், எழுதத் தெரியும். ஆனால் பேனாவை வாங்கவில்லை.

"எழுதுனா மட்டும் மரியாதை ஆயிருமா சார்?" என்றாள்.

தாத்தாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. தன் முகத்தைக் காட்டத்தான் வரச்சொன்னார்கள் என்று அவர் நினைத்திருந்தார். மெதுவாக எழுந்தார்.

"நான் வேணும்னா வெளிய போய் நிக்கட்டா?"

"இல்லீங்க, நீங்க இருக்கோணும். ரெண்டு பேரையும் ஒண்ணா நான் பாக்கோணும்."

தாத்தா திரும்பவும் உட்கார்ந்தார். பேரனை மடிக்கு இழுத்துக்கொண்டார். பிறகு மருமகளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சொல்லு தாயி. எனக்கு ஒண்ணும் கொறஞ்சிராது. புள்ளைக்காவத்தான."

முத்துலட்சுமி பையனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஒரு கையால் தாத்தாவின் துண்டைப் பிடித்திருந்தான். இன்னொரு கை தன்னால் அடிவயிற்றுக்குப் போயிருந்தது. அவள் அதைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். உதடு அசைந்தது.

"கேக்கலீங்க" என்றார் மேனேஜர்.

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அந்த அறைக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"பேச்சிமுத்து."

"என்ன தாயி" என்றார் தாத்தா.

"என்னம்மா" என்றான் பையன்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. மேனேஜர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார், அந்த ஆள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்த பையன் இப்படித் திரும்பமாட்டானுங்க டீச்சர். ரெண்டு பேரும் உண்டு" என்றவர், பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டே, "அந்த டைப் அடிச்சவன் எடத்துல நான் இருந்திருந்தாலும் ஒண்ணை விட்டுட்டுத்தான் அடிச்சிருப்பேன்" என்றார்.

அங்கேயே எழுதினார். பேச்சிமுத்து, மகன், வயது நான்கு, கூட வசிக்கிறார். பக்கத்தில் கையெழுத்தும் சீலும். மை காயும்வரை முத்துலட்சுமி அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. தாத்தாவின் கொட்டானில் இருந்து கேட்காமலே ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

6. வரியைக் கடைசிவரை படி

சர்ஜன் வந்த நாளில் ஆபரேஷன் நடந்தது. முத்துலட்சுமியும் தாத்தாவும் கூடப் போயிருந்தார்கள். அட்மிஷனில் கார்டைப் பார்த்தவர் 'என்ன, ஒரே பெயர் ரெண்டு தடவை வந்திருக்கு' என்று கேட்டாராம். பக்கத்தில் உள்ள வயதையும் உறவையும் பாருங்கள் என்று முத்துலட்சுமியே சொன்னாளாம். ஒரு வரியை எப்படிப் படிக்கவேண்டும் என்பது அதற்குள் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு கவுண்டருக்கு வந்த ஒவ்வொரு கார்டிலும் நான் ஒரு வேலை செய்தேன். போட்டோவில் தலையை எண்ணுவேன், கட்டத்தில் வரியை எண்ணுவேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் காரணம் கேட்பேன். பாதிக்கு மேல் நியாயமான காரணம் இருக்கும். போட்டோவுக்குப் பிறகு பிறந்த பிள்ளை, ஊரில் இருக்கும் தாய் தகப்பன், இப்படி. மீதியில் ஏதாவது ஒரு பிள்ளைக்கு வரி விட்டுப்போயிருக்கும். அந்த ஆடிக்கும் கார்த்திகைக்கும் நடுவில் இன்னும் ஒரு பேச்சிமுத்துவையும், இரண்டு இசக்கியம்மாளையும் கண்டுபிடித்து டவுணுக்கு அனுப்பினோம். இசக்கியம்மாள்கள் பாட்டியும் பேத்தியும். மேனேஜர் என்னிடம், "உங்க ஊருக்குன்னே தனியா ஒரு கார்டு அடிக்கோணும் போல" என்றார்.

புதிதாகக் கவுண்டரில் உட்காருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெயரைப் படித்ததும் பேனாவை எடுக்காதீர்கள். உறவு, வயது, ஊர் என்று வரியைக் கடைசிவரை படியுங்கள். உடம்பு சரியாக இருக்கும்போது கார்டைப் பார்க்க யாருக்கும் தோன்றாது. பார்க்கவேண்டிய அவசரம் வரும்போது திருத்த நேரம் இருக்காது. அதை நீங்கள்தான் முன்னால் பார்த்துச் சொல்லவேண்டும்.

அந்தப் புரட்டாசியில் ஒரு நாள் தாத்தா டிஸ்பென்சரிக்கு வந்தார். ஊருக்குத் திரும்புகிற வழியில் எனக்குக் கருப்பட்டி கொடுத்துவிட்டுப் போக வந்தாராம். பேரன் தெருவில் ஓடித் திரிகிறான், பிடிக்க ஆள் வேண்டியிருக்கிறது என்றார். வாய் சும்மா இருக்காமல் நான் கேட்டேன்.

"மருமவ இப்பவும் பேரைச் சொல்லுதாவளா?"

"அவளா? அன்னைக்கி ஒரு தடவதான். வெளிய வந்ததும் கால்ல விழுந்துட்டா, மன்னிச்சிருங்க மாமான்னு. எதுக்கு மன்னிக்கணும்னேன்." சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்காத்தா சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டா பிள்ள. கெட்டுனவ கடைசி வரைக்கும் இஞ்சேருங்கன்னுதான் கூப்பிட்டா. ஆத்தாவுக்கப்புறம் ஒரு பொம்பள வாயில எம்பேரைக் கேட்டது அன்னைக்கித்தான். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு."

சும்மாதான் வந்தார் என்றாலும், பிரஷர் பார்த்துவிட்டுப் போங்கள் என்று அவரை பெஞ்சில் உட்காரவைத்தேன். சீட்டு எழுதினேன். அவர் முறை வந்ததும், வழக்கமாகப் பெரியவரே என்று கூப்பிடுகிறவள், வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி "பேச்சிமுத்து ஐயா" என்று கூப்பிட்டேன். அவர் உடனே எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.